எந்த உரிமையாளர்?

என் கணவர் சாவதற்கு முன் கடைசியாகப் பொறுக்கி வைத்தது ஒரு மூட்டை விதை உளுந்து. வீட்டில் வண்டு விழுந்துவிடுமே என்று பயந்து, பசுவந்தனையிலிருந்து கொண்டுபோய்க் கோவில்பட்டியில் வாடகைக்குச் சரக்கு வைக்கிற ஒரு கிட்டங்கியில் போட்டேன். ரசீதில் ‘சரக்கு உரிமையாளர் பொறுப்பில் வைக்கப்படுகிறது’ என்று அச்சடித்திருந்தது. கிட்டங்கி உரிமையாளர் பார்த்துக்கொள்வார் என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன்.

கோடை மழையில் கூரை ஒழுகியிருக்கிறது. விதைப்புக்கு எடுக்கப் போனபோது, உளுந்து மூட்டைக்குள்ளேயே முளைத்து அழுகிக் கிடந்தது. கிட்டங்கிக்காரரிடம் சண்டைக்குப் போனேன்.

“உரிமையாளர்னா சரக்குக்கு உரிமையாளர், அக்கா. அது நீங்கதான். நாங்க இடம் மட்டுந்தான் தாரோம்” என்றார்.

“அதுக்கு உரிமையாளரு எங்க வீட்டுக்காரரு. அவியதான் போயிட்டாவளே!” என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

இப்போது எந்தத் தாளில் ‘உரிமையாளர்’ என்று இருந்தாலும், யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். விதையைச் சாம்பல் கலந்து வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அது கடையில் வாங்கிய விதை, அவர் பொறுக்கியதில்லை.