கல்யாணப் படத்தின் உயரம்

பெர்மாஸ் ஜெயாவில் குணாளன் நடத்தும் போட்டோ கடையில் பிரேமலாவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: "ஸ்லிம் பண்ற அக்கா." கல்யாணமோ பட்டமளிப்போ, படம் எடுத்து முடிந்ததும் வாடிக்கையாளர்கள் அவளுடைய கணினிப் பக்கம் வந்து நிற்பார்கள். முதலில் மழையைப் பற்றிப் பேசுவார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கை ரொம்பத் தடியா தெரியுது லா. கொஞ்சம் உள்ள தள்ளிடுங்க" என்பார்கள். பிரேமலா தலையாட்டுவாள்.

அதற்கு உதவுவது, படம் திருத்தும் மென்பொருளில் குணாளன் தனியாக வாங்கிச் சேர்த்த ஒரு ஃபில்டர். திறந்தால் படத்தின்மேல் கட்டம் கட்டமாக ஒரு வலை விரியும். வலையில் எந்த முனையைப் பிடித்து இழுத்தாலும் அடியில் இருக்கும் சதை, துணி, சுவர் எல்லாம் கூடவே வரும். கடையில் அதை 'ரப்பர்' என்றுதான் சொல்வார்கள். குணாளனுக்கு அது கைவரவே இல்லை. அவர் இழுத்த மணப்பெண்கள் பிழிந்து போட்ட துண்டு மாதிரி ஆனார்கள்.

பிரேமலா கடைக்கு வருவதற்கு முன்பு தெப்ராவ் பக்கம் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில், பூதக்கண்ணாடிக்கு அடியில் சில்லுகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தாள். அந்தத் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோதுதான் இங்கே வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் பழைய படங்களை வைத்துக்கொண்டு ரப்பரை இழுத்து இழுத்துப் பழகினாள். சதையை இழுப்பது எளிது, பின்னால் இருக்கும் கதவுச்சட்டமும் தரைக்கல்லும் வளையாமல் இழுப்பதுதான் வேலை என்று தெரிந்துகொண்டாள்.

அந்தத் திறமை ஒருமுறை அவளையே மாட்டிவிட்டது. அக்காள் புஷ்பவள்ளி ஒரு வரன் பார்த்து, "உன் போட்டோ ஒன்னு அனுப்பு, நல்லதா பார்த்து" என்றாள். பிரேமலா பருமனான உடம்புக்காரி. தன் படத்தை ரப்பரில் போட்டு இடுப்பையும் தோளையும் உள்ளே தள்ளினாள். அளவோடு தள்ளியதாகத்தான் நினைத்தாள். குளுவாங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கைப்பேசியைப் பார்த்தார், பிரேமலாவைப் பார்த்தார், மறுபடி கைப்பேசியைப் பார்த்தார். "போட்டோவுல இருக்கிறது தங்கச்சிங்களா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். பிறகு தேநீரைக் குடித்துவிட்டு, வேறு ஊர்க் கதைகள் பேசிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு வரன் பேச்சை எடுக்கவே பிரேமலா விடவில்லை. கடையில் எப்போதும்போல் எல்லாரையும் மெலிய வைத்தாள். கேட்டதில் பாதிதான் தள்ளுவாள். யாரும் அதைக் கண்டுபிடித்ததில்லை.

தீபாவளி முடிந்த வாரத்தில் ஒருநாள் காலை, ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். குட்டையான மனிதர், இஸ்திரி போட்ட சட்டை. பூ அச்சிட்ட பாத்தேக் துணியில் சுற்றிய ஒரு சட்டத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். பெயர் ஐயாசாமி. மூவாரில் ஒரு மரச்சாமான் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது மனைவியோடு பெர்மாஸ் ஜெயாவில் மகன் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். கடையில் இருந்த இன்னொரு ஆள் தன் படத்தை வாங்கிக்கொண்டு போகும்வரை ஓரமாக நின்றார். பிறகு துணியை அவிழ்த்தார்.

கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம். மூவார் ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் வரைந்த தூண், பூச்சாடி. மாலையோடு மாப்பிள்ளையும் பெண்ணும் கைகோத்து, ஒரே உயரத்தில் நின்றார்கள்.

"இதுல உயரத்தை மாத்தணும்மா. முடியுமா?"

பிரேமலாவுக்கு இந்த மாதிரி ஆசைகள் புதிதில்லை. "முடியும் அங்கிள். நீங்க எவ்வளவு உயரமா தெரியணும்?"

"நான் இல்ல. அவ."

பிரேமலா படத்தை மறுபடி பார்த்தாள். ஐயாசாமி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"என் சம்சாரம் என்னைவிட உயரம். அன்னிக்கு போட்டோ எடுத்த ஆளு அவ காதுல என்னமோ சொன்னாரு. அப்புறம் பார்த்தா அவ எனக்குச் சமமா நிக்கிறா. சேலைக்குள்ள முழங்காலை மடக்கிட்டா. ரொம்ப நேரம் எடுத்தாரு அந்த ஆளு. அவ என் கையைப் பிடிச்சிருந்தா இல்ல, கை நடுங்குச்சு. அதுலதான் எனக்குத் தெரிஞ்சுது."

"நீங்க ஒன்னும் சொல்லலையா அங்கிள்?"

"என்னத்தைச் சொல்றது? எனக்கும் அப்ப அப்படித்தான் வேணும்னு இருந்துச்சு." அவர் தரையைப் பார்த்தார். "இதைப் பத்தி நாங்க பேசினதே இல்ல. அவளும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல. அடுத்த மாசம் நாப்பதாவது கல்யாண நாளு. மகன் சாப்பாடு போடுறான். அதுக்குள்ள அவளை நிமிர்த்திக் குடுங்க."

"நிஜத்துல எவ்வளவு உயரம்?"

"அவ காதுகிட்டதான் என் தலை வரும்" என்று தன் தலைக்கு மேல் உள்ளங்கையை வைத்துக் காட்டினார்.

பிரேமலா படத்தை ஸ்கேன் செய்தாள். எளிதான வேலை என்றுதான் நினைத்தாள். முதல் இழுப்பிலேயே சேலைக் கரையில் இருந்த மாங்காய்கள் வெள்ளரிக்காய்களாக நீண்டன. பின்னால் தூண் வயிறு பெருத்தது. அதைவிடப் பெரிய தொல்லை அந்தக் கை. பெண்ணை உயர்த்தினால் கோத்த கையும் உயர்ந்தது. அதோடு மாப்பிள்ளையின் முழங்கை ஜவ்வாக இழுபட்டது. கையைப் பிரித்துத் தனியாக வெட்டி ஒட்டலாம். அவளுக்கு மனம் வரவில்லை.

சில நாள் மற்ற வேலைகளுக்கு நடுவே அதையே செய்தாள். தூணையும் மாப்பிள்ளையையும் கோத்த கைகளையும் அசையாதபடி பூட்டினாள். முழங்காலில் மட்டும் இழுக்காமல், பாதத்துக்கு மேலிருந்து இடுப்புவரை கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி இழுத்தாள். உயர்ந்த தோளிலிருந்து கோத்த விரல்வரைக்கும் பெண்ணின் கையை மட்டும் நீட்டினாள். முகத்தைத் தொடவே இல்லை. கடைசியில் ஒரு மத்தியானம், ஓர் உயரமான பெண் நிமிர்ந்து நின்று திரையிலிருந்து அவளைப் பார்த்தாள்.

ஐயாசாமி வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "ஆமா. இப்படித்தான்" என்றார்.

கல்யாண நாளுக்கு இன்னும் சில தினங்கள் இருந்தன. அதுவரை பொறுக்க முடியாமல் ஐயாசாமி படத்தை மனைவியிடம் காட்டிவிட்டார் போலும். ஒரு காலை நேரம் அவர் மனைவி சந்திரமதி தனியாகக் கடைக்கு வந்தார். வாசலில் தொங்கவிட்டிருந்த விளம்பரத் தட்டியில் இடிக்காமல் தலையைச் சாய்த்து நுழைந்தபோதே பிரேமலாவுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. குளுவாங்கிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா ஞாபகத்துக்கு வந்தார்.

"இதைப் பண்ணது நீங்களா?" சந்திரமதி பையிலிருந்து புதிய படத்தை எடுத்தார்.

"ஆமா ஆண்டி. சரியா வரலையா?"

"அவரு என்ன சொல்லிக் குடுத்தாரு? வீட்டுல கேட்டா, 'நல்லாருக்கா இல்லையா'ன்னு மட்டும் கேக்குறாரு."

பிரேமலா தயங்கித் தயங்கி, ஐயாசாமி சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னாள். கை நடுங்கியது என்ற இடத்தில் சந்திரமதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அவருக்குத் தெரியும்" என்றார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இத்தனை வருஷமும் தெரியாதுன்னுல்ல நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். எந்த விசேஷத்துல போட்டோ எடுத்தாலும் ஓடிப்போய் நாற்காலியில உக்காந்துக்குவேன். இல்லன்னா பின் வரிசைக்குப் போயிடுவேன். பக்கத்துல நின்னா மனுஷன் வருத்தப்படுவாரேன்னு. நான் குனியறது அவருக்குத் தெரியாதுன்னு நினைச்சேன்" என்றார். சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏன் சொன்னாள் என்று பிரேமலாவுக்கே தெரியவில்லை, தன் படத்தின் கதையைச் சொல்லிவிட்டாள். அக்காளைத் தவிர வேறு யாரிடமும் பேசாத கதை. சந்திரமதி முகம் மாறாமல் கேட்டார்.

"டீயைக் குடிச்சுட்டா போனாங்க?"

"ஆமா ஆண்டி. வடையும் சாப்பிட்டாங்க."

"நானா இருந்தா டீத்தண்ணிகூட ஊத்தியிருக்க மாட்டேன்."

பிரேமலாவுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளேயிருந்து குணாளன் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். புறப்படும்போது சந்திரமதி, "விருந்துக்கு வாங்க. நீங்கதான் எங்களைப் போட்டோ எடுக்கணும்" என்றார். தான் படம் எடுப்பவள் இல்லை, திருத்துபவள் என்று பிரேமலா சொல்லிப் பார்த்தாள். சந்திரமதி கேட்கவில்லை. குணாளன் தன் கேமராவைக் கொடுத்து, எந்தப் பொத்தானைத் தொடக்கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

தெப்ராவில் ஓர் உணவகத்தின் மாடியில் மதிய விருந்து. படம் எடுக்க எல்லாரும் நகர்ந்து இடம் விட்டதும், சந்திரமதியின் கால் பழக்கத்தில் நாற்காலிப் பக்கம் போனது. ஐயாசாமி மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எங்க போற? நில்லு."

சந்திரமதி நின்றார். முதலில் தோள் குறுகியிருந்தது. பிறகு முதுகு மெல்ல நேரானது. ஐயாசாமியின் தலை மனைவியின் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கூட்டத்தில் ஓர் உறவுக்காரர், "அண்ணி, அண்ணனை இடுப்புல தூக்கி வெச்சுக்கலாம் போல இருக்கே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஐயாசாமிதான் அதிகம் சிரித்தார். அவர் வாய் மூடும் முன் பிரேமலா பொத்தானை அழுத்தினாள்.

அடுத்த வாரம் சட்டம் தேர்ந்தெடுக்க இருவரும் கடைக்கு வந்தார்கள். பிரேமலா படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். ஐயாசாமி சுவரில் மாட்டியிருந்த சட்டங்களைப் பார்க்கப் போனார். அவர் தள்ளிப் போனதும் சந்திரமதி குனிந்து, தாடைக்குக் கீழே ஓர் இடத்தை விரலால் தொட்டார்.

"இங்க கொஞ்சம் தொங்குது. ஏத்தி விட முடியுமா? நிறைய வேணாம்."

"உயரம் ஆண்டி?"

"அதைத் தொடாதீங்க" என்றார் சந்திரமதி.

பிரேமலா ரப்பரைத் திறந்தாள்.