மாமியாரை மறந்த சாப்பாட்டு பிளான்

ஜொகூர் தீம் பார்க்குக்குக் குடும்பமா மூணு நாள் டூர் போக, எங்கெங்கே சாப்பிடுறதுன்னு நானே லிஸ்ட் போட்டு குடும்ப வாட்சப்பில் அனுப்பினேன். மறுநாளே மாமியார், "முட்டி வலிக்குதும்மா, நீங்க போய்ட்டு வாங்க"ன்னாங்க. நம்பிட்டேன்.

இன்னிக்கு எங்க ஊரு தெமியாங்ல, குடும்பமா வழக்கமா போற சாப்பாட்டுக் கடையில அந்த லிஸ்ட்டைப் பெருமையா காட்டினேன்.

கடைக்கார பாய் முழுசா படிச்சார். "எல்லாம் கோழியும் இறாலுமா இருக்கே லா. உங்க மாமியார் சுத்த சைவமாச்சே, இங்க வந்தாலே டீ மட்டும்தானே குடிப்பாங்க?"

பதினோரு வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன். எனக்குத் தோணவே இல்லை.

நேரா வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டேன். "பிள்ளைங்க ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும், நான் எதுக்கு இடைஞ்சலா?"ன்னாங்க. முகத்தைப் பார்க்க முடியலை.

லிஸ்ட்டுல இருந்த ரெண்டு கடை புக்கிங்கை கேன்சல் பண்ணிட்டேன், அவங்களும் வர்றாங்க. ஜொகூர் பக்கம் நல்ல சைவக் கடை தெரிஞ்சா சொல்லுங்க. திட்டுறதுன்னா தாராளமா திட்டுங்க. ஆனா அவங்க பெத்த பிள்ளையும் அந்த லிஸ்ட்டுக்கு லைக் போட்டாரு.