களப்புக்கு ஏற்ற செட்டை

குவைத்திலிருந்து லீவில் வருகிறவர்கள் கசெட் ரேடியோ கொண்டுவருவார்கள், கம்பளி கொண்டுவருவார்கள். பரீனாவின் கணவன் றஸாக் கப்பலில் போட்டு அனுப்பியது இரண்டாள் நீளத்தில் ஒரு பலகை. அதில் பாய்மரத்தைப் பூட்டி, ஏறி நின்று, காற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் ஓடலாம். அவன் வேலை செய்த வீட்டு வெள்ளைக்காரன் குவைத்தைவிட்டுப் போகும்போது கொடுத்தது.

அது எண்பத்திரண்டாம் ஆண்டு மாரிகாலம். இரண்டு வருசத்துக்கு ஒருதரம் வரும் லீவு. கொஞ்ச நாளாவது மனிசன் வீட்டில் இருப்பான், பிள்ளைகளோடு உட்கார்ந்து சோறு தின்பான் என்று பரீனா எண்ணியிருந்தாள். அவனோ விடிந்தால் களப்பு, பொழுதுபட்டால் களப்பு. மருதமுனைக் கடல் மாரியில் யாரையும் கிட்ட எடுக்காது. ஊருக்கு மேற்கே ஏரிபோலத் தேங்கிக்கிடக்கும் களப்புத்தான் அவனுக்குத் தோதான இடம்.

பலகையின் வால்பக்கத்தில், அடியில், மீனுக்கு இருப்பதுபோல ஒரு செட்டை. அது இல்லாவிட்டால் பலகை நேரே போகாது. நடுவில் இருக்கும் பெரிய தகட்டை ஆழம் குறைந்த இடத்தில் மேலே இழுத்துக்கொள்ளலாம். செட்டையை இழுக்க வழியில்லை. களப்பின் நடுவே ஒரு மணல்திட்டு, அதற்கு மேல் முழங்காலளவு தண்ணீர். முதல்நாள் செட்டை திட்டில் குத்தியது. பலகை நின்றது, றஸாக் நிற்கவில்லை. தலைகீழாகப் போய் விழுந்தான்.

அதன்பிறகு வீட்டில் செட்டையைத் தவிர வேறு கதையில்லை. கடல்தோணி வைத்திருக்கும் பரீனாவின் அண்ணன் பக்கீர் முகைதீன் காக்கா, எவ்வளவு நீளமோ அவ்வளவு பிடிமானம், இன்னும் நீட்டிப் போடு என்றார். கட்டையாகப் போட்டால் திட்டைத் தாண்டும், ஆனால் காற்று பக்கவாட்டில் தள்ளிவிடும் என்று றஸாக் வாதாடினான். நேரே இறங்கினால் பாசி சிக்கும், பின்னுக்குச் சரிந்தால் வழுகிவிடும். இதையெல்லாம் அவன் சோற்றுக் கோப்பையில் விரலால் கீறிக் காட்டுவான். சோறு ஆறிப்போகும்.

கடைசியில் கம்பும் கையுமாகத் திட்டு முழுக்க நடந்து ஆழம் பார்த்தான். கல்முனையில் மரவேலை செய்யும் நல்லரெத்தினம் ஓடாவியிடம் போய், பின்னுக்குச் சரிந்த தேக்குச் செட்டை ஒன்று சீவுவித்தான். ஓடாவி இது எந்த மீனுக்கு என்று கேட்டாராம். செட்டை திட்டுக்கு மேலே நாலு விரல் தள்ளிப் போகும். கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

ஒவ்வொரு மாரியிலும் முகத்துவாரம் வெட்டுவார்கள் என்பதுதான் அவனுக்கு மறந்துபோயிற்று.

அந்தக் கிழமை மழை விடவில்லை. களப்பு ஏறி வயலுக்குள் புகுந்தது. பரீனாவின் சீதன வயற்காணியும் தண்ணீரில் தாழத் தொடங்கியது. கடலுக்கும் களப்புக்கும் நடுவில் உள்ள மணலை வெட்டித் தண்ணீரை விட வயல்களுக்குப் பொறுப்பான வட்டைவிதானை ஆள் சேர்த்தார். பரீனா மண்வெட்டியைக் கையில் கொடுத்துப் புருசனை அனுப்பினாள்.

பின்னேரம் பக்கீர் முகைதீன் சிரிப்பை அடக்கமாட்டாமல் வந்தார். "உன்ட மாப்பிள்ள விதானையாரிட்ட என்ன கேட்டாரு தெரியுமா? ரெண்டு நாள் பிந்தி வெட்டினா என்ன எண்டு."

"வெள்ளாம தாழக்குள்ளயா?"

"ஓம். வெட்டினா செட்டைக்குத் தண்ணி காணாதாம்."

பரீனாவுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அதுவும் தாழ்வது அவளுடைய வயல்.

மணலை வெட்டியவர்களில் றஸாக்கும் ஒருவன். மறுநாள் வயல் தப்பியது. திட்டுக்கு மேலே கணுக்கால் தண்ணீர்தான் மிஞ்சியது. அவன் மரம் அரியும் வாளை எடுத்துச் செட்டையைக் கட்டையாகத் தறித்தான்.

லீவு முடிந்து கொழும்புக்கு பஸ் ஏறுவதற்கு முதல்நாள் பகல் சோற்றுக்கும் ஆளைக் காணவில்லை. பரீனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு களப்பங்கரைக்கு நடந்தாள். பலகை திட்டைத் தாண்டி ஓடியது உண்மை. தாண்டியதும் நண்டுபோலப் பக்கவாட்டில் போய்ப் பன்புல் புதருக்குள் சொருகியது. இறங்கி, சேற்றில் இழுத்துக்கொண்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"கூடத் தறிச்சிட்டன் புள்ள. கட்டையா இருந்தாலும் அகலமா இருக்கணும். இப்பவே ஓடாவியிட்டப் போனா, மஃரிபுத் தொழுகைக்குள்ள புதிசா ஒண்டு..."

"செட்டையக் கழட்டுங்க மச்சான்."

மாதிரிக்குக் கொண்டுபோகத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக் கழற்றிக் கொடுத்தான். அவள் அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தாள்.

"எங்க புள்ள கொண்டு போறா?"

"நாளைக்கு பஸ் ஏறக்குள்ள தருவன். குவைத்துக்குக் கொண்டு போய் வெச்சி அழகு பாருங்க."

அவன் பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். நீளத்தைவிட அகலம் ஏன் முக்கியம் என்று வழிநெடுக விளக்கினான். அவள் காது கொடுக்கவில்லை. வீட்டுப் பக்கமாகத்தானே நடக்கிறான், கதைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.