அவர் சொன்ன முடிவு

நாலாம் வகுப்புவரைதான் படித்தேன், மறதியும் உண்டு. எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லும் பழைய படம் பலருக்குத் தெரியாது. புருஷன் அவமானப்படுத்தியதால் பிரிந்துபோன ஒருத்தியின் காதல் கதை. கைக்குழந்தையாயிருந்த என் மகள் அழுததால், முடிவு வரும்போது நான் தியேட்டருக்கு வெளியே நின்றேன்.

“அவ புருஷன் கால்ல விழுந்துட்டா” என்றார் படம் முடிந்து வெளியே வந்த என் வீட்டுக்காரர்.

அவளே பணிந்தாளே என்று, இவர் அடித்தபோதெல்லாம் நானும் பணிந்தேன்.

போன வாரம் தொம்மலூரில் மகள் வீட்டில், அவள் போனில் அதே படத்தைப் பார்த்தேன். படத்தில் அவள் காலில் விழவில்லை. கண் நிறைய ஆசை இருந்தும், தேடி வந்த புருஷனுக்குக் காபி கொடுத்து, அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“ஏங்க பொய் சொன்னீங்க?” என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

சிரித்தார். “நெஜத்த சொல்லியிருந்தா எங்கூட இருந்திருப்பியாடி?”

“இருந்திருக்க மாட்டேன்!”

நான் கத்தியதில் மகள் ஓடி வந்தாள்.

படத்தில் நடித்தவர்கள், அதில் வரும் ஊர் எல்லாம் மறந்துவிட்டது, தெரிந்தவர்கள் யாராவது சேர்த்துவிடுங்கள். முடிவை மட்டும் நானே மூன்று முறை பார்த்துவிட்டேன்.