கைராசிக்காரன் ஏற்றிய கற்பூரம்

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின இரண்டு கோடை, பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில் கிணறு வெட்டும் கூட்டத்தோடு திரிந்தேன். அதற்கு முன் மதுரையில் ஒரு ஜவுளிக் கடையில் மூட்டை கட்டினேன். அதற்கும் முன் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். எதிலும் நிலைத்ததில்லை. கிணற்று வேலையில் இரண்டு வருஷம் இருந்தது வேலை பிடித்துப்போய் அல்ல. ஒருவன் மேல் இருந்த பொறாமை என்னை நகரவிடவில்லை.

அவன் திருவாதவூர்க்காரன். மேஸ்திரியையும் சேர்த்து நாங்கள் ஆறு பேர். அதில் என் வயதுக்காரன் அவன் ஒருவன்தான். பாறைக்கு மருந்து வைத்துத் திரியைக் கொளுத்திவிட்டுக் கயிற்றில் தொற்றி மேலேறுகிறவன் நான். மண் சரிந்து இடுப்புவரை புதைந்து, மறுநாளே மறுபடி உள்ளே இறங்கியவனும் நான். ஆனால் புதுக் கிணற்றுக்குக் கற்பூரம் ஏற்றுகிறவன் அவன்.

எங்கள் தொழிலில் அது சின்ன விஷயம் இல்லை. குறித்த இடத்தில் ஒரு கல்லை நட்டு, கடப்பாறையையும் மண்வெட்டியையும் அதில் சாய்த்து, தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்ற வேண்டும். சுடர் நேராக நின்று எரிந்தால் அடியில் தண்ணீர் உண்டு என்பது நம்பிக்கை. அவன் ஏற்றிய மூன்று கிணற்றிலும் தண்ணீர் வந்துவிட்டது. அதிலிருந்து வெள்ளாமை செய்யும் சம்சாரிகள் அவனைத் தேடி வந்தார்கள். புதுத் துண்டு அவன் தோளுக்கு. வெற்றிலைத் தட்டு முதலில் அவனிடம். அவனுக்கு "கைராசிக்காரரே, வாங்க." எங்களுக்கு "ஏப்பா, அங்கிட்டு உக்காருங்க."

மதுரையில் மடத்துச் சோற்றுக்குக் காத்திருந்த நாட்களில் ஒரு பண்டாரம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். விளக்கு அணைந்தால் திரி மிஞ்சும், விறகு எரிந்தால் சாம்பல் மிஞ்சும், கற்பூரம் மட்டும் எதையும் மிச்சம் வைக்காது. சாமி முன்னால் நம்முடைய 'நான்' அப்படிப் போக வேண்டும், அதற்காகத்தான் ஏற்றுகிறோம் என்றார். இலை போடுகிற நேரம் என்பதால் தலையை ஆட்டிவைத்தேன். பிறகு ஒவ்வொரு கிணற்றடியிலும் அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். எனக்குள் எதுவும் கரையவில்லை. இவனுக்கு என்ன தகுதி என்ற கேள்விதான் நின்றது.

இரண்டாவது கோடையில் ஒரு சம்சாரி எங்களை அழைத்தார். அவருக்கு ஏற்கெனவே ஒரு கிணறு பொய்த்திருந்தது. இதுவும் பொய்த்தால் கூலி வேலைக்குத்தான் போக வேண்டும் என்றார். அவர் நிலைமை தெரிந்துதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஜவுளிக் கடையில் பட்டுப்புடவைப் பெட்டிகளுக்குள் பாச்சை உருண்டை போடுவோம். வேலையை விட்டபோது கொஞ்சம் எடுத்து வந்திருந்தேன். அதை உடைத்தால் பார்வைக்குக் கற்பூரம் மாதிரியே இருக்கும். கற்பூரப் பொட்டலத்தில் பாதியை எடுத்துவிட்டு இதைக் கலந்து, மேலே மட்டும் நல்ல கட்டியாக வைத்து மடித்தேன்.

மறுநாள் காலை அவன் ஏற்றினான். முதலில் சுத்தமாகப் பிடித்தது. பிறகு கரும்புகை கிளம்பியது. கரித்தூள் பறந்து, உடைத்து வைத்த தேங்காயின் வெள்ளைப் பருப்பில் புள்ளி புள்ளியாக இறங்கியது.

"ஆத்தாடி, இதென்ன கருகருன்னு வருது!" என்றாள் சம்சாரியின் மனைவி.

"கற்பூரத்துல கலப்படமா இருக்கும்மா" என்றார் மேஸ்திரி.

எங்கள் ஆட்களில் ஒருவன், "மாப்ள, ராத்திரி எதைத் தொட்ட கையிடா அது?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். என் வயிறு குளிர்ந்தது.

அவன் குனிந்து தட்டின் பக்கம் முகத்தைக் கொண்டுபோனான். நிமிர்ந்து சம்சாரியிடம், "இங்க வேணாம்ணே. தெக்கே தள்ளி வெட்டுவோம்" என்று ஓர் இடத்தைக் காட்டினான்.

அங்கே வெட்டினோம். ஐந்தாள் ஆழத்தில் ஊற்று பீறிட்டது. சேறும் சகதியுமாக நின்ற திருவாதவூர்க்காரனைச் சம்சாரி கட்டிக்கொண்டு அழுதார். "சாமி புகையா வந்து சொல்லுச்சு, இவனுக்கு அது புரிஞ்சிருக்கு பாருங்க" என்று சுற்றுப்பட்டி முழுக்கப் பேச்சு. இந்தத் தடவை அவனுக்குத் துண்டோடு வேட்டியும் சேர்த்துக் கிடைத்தது. இடத்தை மாற்ற வைத்தவன் நான்தான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. எப்படிக் கத்துவது?

அந்தக் கிணற்றுத் தண்ணீரில் இருவரும் குளித்துக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான்.

"மாப்ள, பாச்சை உருண்டை இன்னும் இருக்கா, தீந்துபோச்சா?"

நான் துண்டை எடுத்துப் பிழிய ஆரம்பித்தேன்.

"அம்புட்டு நாத்தம். என் மூக்கு என்ன அவிஞ்சா போச்சு?"

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா உன்னை உசுரோட விட்டிருப்பாய்ங்களா? அந்தாளு பக்கத்துலதான் கடப்பாறை கெடந்துச்சு." தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்: "ஏத்துறப்பல்லாம் எனக்குப் பயந்தான் மாப்ள. பொய்ச்சா என் தலைதான உருளும்? வேணும்னா வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதான. அடுத்தது நீயே ஏத்து."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டு வருஷமாக நான் வயிறெரிந்த ஒன்றை, பீடிக்கு நெருப்புக் கொடுப்பது மாதிரி எடுத்துக் கொடுத்துவிட்டான். அப்படிக் கொடுக்க முடிகிறதே என்று, முன்னைவிட அதிகமாக எரிந்தது.

அடுத்த கிணற்றில் விரலில் காயம் என்று மேஸ்திரியிடம் பொய் சொல்லி, பொட்டலத்தை என் கையில் வைத்தான். நான் ஏற்றினேன். காற்றில்லாத காலை. சுடர் அசையாமல் நின்றது. நிலத்துக்காரர் அதைத் தொட்டு ஒற்றிக்கொண்டு, அவன் பக்கம் திரும்பி, "தண்ணி வருமாய்யா?" என்று கேட்டார்.

"ஏத்துனவரைக் கேளுங்கண்ணே" என்று சிரித்தான் அவன்.

அவர் என்னைப் பார்த்தார். வரும் என்று சொல்லத் துணியாமல் நான் சுடரைப் பார்த்தேன். அவன் அதற்குள் முதல் கடப்பாறையைப் போட்டுவிட்டான். எல்லோரும் அந்தச் சத்தத்தின் பக்கம் போனார்கள்.

நாலு நாள் வெட்டிவிட்டு, சொல்லாமல் கிளம்பினேன். சில மாதம் கழித்து, பரவைச் சந்தையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது பேரையூர்ப் பக்கத்து வண்டிக்காரர் ஒருவரிடம் அந்தக் கிணறு பற்றி விசாரித்தேன்.

"அதுவா? ஏழு ஏத்தம் கட்டி எறைச்சாலும் வத்தாது. அந்த வாதவூர்க்காரன் கைராசி அப்படி" என்றார்.

கையிலிருந்த மூட்டையை வண்டியில் தூக்கி எறிந்தேன். அவர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"அந்தக் கிணத்துக்குக் கற்பூரம் ஏத்துனது நான்" என்றேன்.