துளசியடிச் செப்புத்தகடு

சூடேறிய வானொலி வால்வின்மேல் தூசி கருகும் மணம். செவிக்குழாய்க்குள் வண்டு சிக்கியதுபோல் ஓயாத இரைச்சல். அந்த இரைச்சலுக்கும் அடியில், காட்டையும் ஆற்றையும் தாண்டி, யாரோ ஒருவருடைய விரல் தந்தி மொழியில் தட்டுகிறது, டா டிட், டா டிட்! மலாயாவின் பெக்கோக் ரயில் நிலையத் தந்திக்காரரான அப்பாவின் வீட்டுக்கு ஊரார் வைத்த பெயர் "கம்பி வீடு". சொந்தமாக வானொலி அனுப்ப உரிமம் வாங்கிய பெருமையில் அண்ணன் இரண்டு மூங்கில்களை நட்டு, ரப்பர் பால் பிடிக்கும் "மங்கு" என்ற கிண்ணங்களின் உடைந்த பீங்கான் துண்டுகளைக் கோத்துச் செப்புக் கம்பி கட்டியிருந்தான். கருவியிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் நிலக்கம்பிக்கு ஈரமண் வேண்டும். அம்மா தினமும் வாளி வாளியாக ஊற்றும் துளசியடியில் அதன் முனைச் செப்புத்தகட்டைப் புதைத்தான். எது கேட்டது, எப்போது கேட்டது என்று குறிப்பேட்டில் எழுதுவது பன்னிரண்டு வயது நான்.

மாதாமாதம் சில நாள் எல்லாக் குரலும் மெலிந்துவிடும். "சந்திரன் இழுக்குது" என்று அண்ணன் தீர்ப்புச் சொல்லி, என் குறிப்பேட்டின் ஓரமெல்லாம் பிறை வரைந்துவைத்தான்.

மழை மறந்த ஒரு மாசியில், மூங்கில் சரிந்து பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டை நொறுக்கியது; அண்ணன் அதை மறுபடி நிமிர்த்தி நட்டான். அப்பா கத்தவில்லை. "ஞாயிறு மத்தியானம் மெர்சிங் பெடியன் கூப்பிடுவான் எண்டனீ. அதுவும் கேக்கேல்லையெண்டா கம்பியை இறக்கித் தா. உடுப்பெண்டாலும் காயட்டும்."

அந்த ஞாயிறும் வந்தது. மெர்சிங்கில் இருந்த பள்ளித்தோழனின் அழைப்புக்காக அண்ணன் கருவியின்மேல் குனிந்து கிடந்தான். "கேக்குது... ஐயோ, போட்டுது!" அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். அழுகையும் ஆத்திரமுமாக நான் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு ஓடினேன். வீட்டுக்குத் "தூரம்" என்று அம்மா மூன்று நாளாக அங்கே தனிப்பாயில் இருந்தார்.

"கேக்காத நாளுகளை வாசி, பிள்ளை."

வாசித்தேன். விரற்கணுக்களில் எண்ணிக்கொண்டே வந்தவர் மூன்றாம் மாதத்தில் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார்.

"நிலவாம் நிலவு! அது நான் தண்ணி ஊத்தாத நாளுகளடி. ஓடு, ரெண்டு வாளி ஊத்து. அண்ணையிட்டை வாயைத் திறந்திடாதை, வெக்கக்கேடு!"

அந்த நாட்களில் துளசிக்கு வேறு யாராவது ஊற்றலாமே என்று எங்களில் ஒருவருக்கும் அதுவரை தோன்றியதில்லை. வெடித்துக் கிடந்த மண் முதல் வாளியை விழுங்கியது, இரண்டாவதையும் விழுங்கியது. மூன்றாவது வாளியோடு நான் நிற்கையில் உள்ளே ஒரு கூச்சல்! ஓடினேன். அண்ணனின் கை தந்திச் சாவியில் துள்ளிக்கொண்டிருந்தது. ஒற்றைச் செவிக்குழாயைப் பிடுங்கி வைத்துக்கொண்ட அப்பாவின் உதடுகள் எழுத்தெழுத்தாக அசைந்தன.

"பெடியன் சுத்தமாத் தட்டுறான்" என்றார்.

"பாத்தியளே அப்பா, சந்திரன் விலகீற்றுது!"

"பட்டப்பகலிலையோடா?"

பின்னறையில் அம்மாவின் வளையல்கள் குலுங்கின. கம்பி அதன்பின் இறங்கவில்லை, போர் வந்து அரசாங்கம் எல்லா வானொலிக் கருவிகளையும் ஒப்படைக்கச் சொல்லும்வரை.

இப்போது மூங்கிலும் இல்லை, வீடும் இல்லை, அம்மாவும் இல்லை. தகடு மட்டும் மண்ணுக்குள் எங்கோ பச்சை பூத்துக் கிடக்கலாம். போன தீபாவளிக்கு, கைக்கடக்கமான டிரான்சிஸ்டரைத் திருகிக்கொண்டிருந்த பேரப்பிள்ளைகளைக் கூட்டிவைத்து, நரைத்த அண்ணன் மறுபடியும் தன் சந்திரக் கதையைத் தொடங்கினான்.

"நீதானே குறிச்சனீ, சொல்லன் தங்கச்சி."

"ஓம் அண்ணை," என்றேன், "நிலவுதான்."