பரமு அண்ணைக்கு அறை இல்லை

புத்தளத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பேக்கரி வந்திருக்கிறது. விடிந்தால் பாண் வாசம் யன்னலுக்குள் வரும். மற்றவர்களுக்குப் பசிக்கும், எனக்குக் கோபம் வரும். வயசுபோன காலத்தில் பாணோடு கோபிக்கிற மனுசன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கை முகப்பில் பியதாச முதலாளியின் பேக்கரி இருந்தது. அடுத்தது வேதக்கார ரீச்சர் வீடு. பிறகு வாப்பாவின் தையல்கடையும் வீடும். எங்கள் மதிலோடு ஒட்டினபடி பரமு அண்ணை வீடு. நோன்புக் கஞ்சி, பொங்கல், கிறிஸ்மஸ் கேக் எல்லாம் மதிலுக்கு மேலாலேயே போய்வரும். சிங்களவர், வேதக்காரர், சோனகர், சைவக்காரர் என்று பிரித்துச் சொல்லப் பிறகுதான் பழகினோம்.

எண்பத்து மூன்றில் கொழும்பில் தமிழரை அடித்த பிறகு பியதாச முதலாளி பயந்து குடும்பத்தோடு போய்விட்டார். கொஞ்ச நாளில் பரமு அண்ணை பேக்கரிக் கதவைக் கழற்றித் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

"தம்பி பரமு, ஆளில்லாத வீட்டிலை கை வையாதை," என்றார் வாப்பா.

"நானா, அவங்கள் இனி வரமாட்டாங்கள். கறையான் தின்னுறதை நான் எடுத்தால் என்ன?"

தொண்ணூறில் எங்கள் முறை. முஸ்லிம் சோனகர் எல்லாரும் உடனே ஊரைவிட்டு வெளியேறவேண்டும் என்று துவக்கோடு வந்த இயக்கக்காரர் சொன்னார்கள். ரீச்சர் வாய்விட்டு அழுதா. பரமு அண்ணையின் மனுசி கமலா அக்கா உம்மாவின் கையில் ஒரு போத்தல் தண்ணீரைத் திணித்தா. பரமு அண்ணையும் படலையில் நின்றார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் கூரையைப் பார்த்தார். ஓடு, கூரைவளை, கதவுநிலை எல்லாம் அவர் வீட்டுக்குப் போய்விட்டதாக ரீச்சர் பிறகு சொல்லித்தான் அறிந்தோம். அதைக் கேட்ட வாப்பா தையல் மெஷினைப் பற்றி மட்டும் விசாரித்தார். புத்தளத்து அகதி முகாமிலேயே மவுத்தானார்.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. நான் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் மனேச்சர். ஒரு பின்னேரம், நல்ல மழை, பரமு அண்ணை குடும்பத்தோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, நீரே! அல்லா காட்டின வழி. ஒரு அறை தாரும். வீடுவாசலை விட்டிட்டு வந்திட்டம்."

"கமலா அக்காவுக்கும் பிள்ளையளுக்கும் அறை இருக்கு. உங்களுக்கு இல்லை."

"நான் எங்கை தம்பி போறது?"

"வாப்பாவும் அதைத்தான் கேட்டவர்."

அவர் பையை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார். கமலா அக்கா கெஞ்சவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினா. எதிரே பூட்டியிருந்த கடைவாசலில், பையைத் தலைக்குப் பிடித்தபடி பரமு அண்ணை குந்தியிருந்தார். நான் யன்னலில் நின்று பார்த்துக்கொண்டே பிளேன்ரீ குடித்தேன். அப்படி ருசியான தேத்தண்ணி அதற்கு முன்னும் பின்னும் குடித்ததில்லை. மன்னித்திருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நினையுங்கள்.

பிறகு அவர்கள் யாரோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். அதோடு சரி. ரீச்சர் கனடாவில் காலமானா. பியதாச முதலாளி எங்கே என்றே தெரியாது. சண்டை முடிந்தபின் ஒருமுறை ஒழுங்கைக்குப் போனேன். எல்லாம் வேறு ஊர்களிலிருந்து வந்து குடியேறிய ஆட்கள். நல்ல மனுசர், கதிரை தந்து இருத்தினார்கள். நான் பழிவாங்கின கதையைப் பெருமையோடு தொடங்கினேன்.

"ஆர் அந்தப் பரமு?" என்று கேட்டார்கள்.